கடலுக்கடியில் என் மகள் விரிக்கும் படுக்கை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்காவான என் நாத்தனார், பக்கத்து வீட்டு அண்ணி. போனுக்குள்ளே என் மகள். வேறு யாரும் இல்லை.

மகள் மாலத்தீவில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறாள். கடலுக்கு அடியில் கண்ணாடி அறை. பணக்காரர்கள் வந்து மீன்களுக்கு நடுவில் தூங்கிவிட்டுப் போகிறார்கள். அந்த அறையைத் துடைத்துப் படுக்கை விரிப்பது அவள் வேலை. ஒப்பந்தம் முடியப்போகிறது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் சரி என்று சொன்னால்தான் போடுவேன் என்று மகள் சொல்லியிருந்தாள். எனக்கோ சோறு இறங்கவில்லை. ஆறாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கண்ணாடியின் பலம் என்ன தெரியும்? படுத்தால் அது விரிசல் விடுகிற சத்தம்தான் கேட்கும். அதனால்தான் அந்த ஞாயிறு, நாங்கள் மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும், மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அறைக்குள்ளிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள்.

படுக்கைக்கு மேலே, கூரை இருக்கவேண்டிய இடத்தில், மீன் போனது.

"யப்பா, பாறை மீனு! இம்மாம் பெருசு," என்றார் படகில் மீன்பிடிக்கப் போகிற என் வீட்டுக்காரர். "ஏம்மா, ஒண்ணு புடிச்சிக்க முடியாதா?"

"இங்க புடிக்கக் கூடாதுப்பா. பாக்கறதுக்குத்தான் காசு."

"பாக்கறதுக்கே காசா? நம்ம படகாண்ட வரச்சொல்லு, சும்மாவே காட்டறேன்."

நாத்தனார் விடவில்லை. "தண்ணிக்குள்ள தூங்க இவனுங்க காசு குடுக்கறானுங்க. புயல் வந்தா நாம ஓசியிலயே தூங்கறோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி சேருகிற ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு பார்த்துவிட்டேன்.

நான் உப்பளத்தில் வேலை செய்கிறவள். பாத்தி வரப்பில் கசிவு இருந்தால் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்து வெளிப்பக்கம் வெள்ளை பூக்கும். பார்த்ததும் மண்வெட்டியோடு ஓடவேண்டும்.

"கசியுதுடி! வெளியில வந்துடு!"

"எங்கம்மா கசியுது?"

"அந்த ஓரம். வெரலால தொட்டு நக்கிப் பாரு. உப்பு கரிக்குதா?"

"யம்மா, யூனிபார்ம்ல இருக்கேன்..."

"நக்குடி!"

நக்கினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய மேலதிகாரி அம்மாள் உள்ளே வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். வேலை போச்சு! மகள் விரலை மறைக்கவில்லை. நிமிர்ந்து நின்று இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, தானும் ஓரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணிப்போனது.

"சோப்பும்மா," என்றாள் மகள். "காலையில தொடச்சது, சரியாப் போவல."

"இவளுக்கு எங்க பாத்தாலும் உப்புதான்," என்றாள் அண்ணி.

"அவங்ககிட்ட என்னடி சொன்ன?"

"எங்கம்மா உப்பு எடுக்கறவங்க, கசிவுன்னா அவங்களுக்குத் தெரியும்னு சொன்னேன்."

அத்தனை பெரிய ஓட்டலில், யூனிபார்ம் போட்டுக்கொண்டு, என் வேலையைச் சொல்ல அவள் கூச்சப்படவில்லை. போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன்னை அனுப்ப வாங்கின கடனை நெனைச்சு அங்க இருக்கறேன்னு சொல்லாத. அதை நாங்க பாத்துக்கறோம். உனக்கு அங்க புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குதும்மா."

"அப்ப போடு கையெழுத்து. தொடச்சா ஒழுங்கா தொடை."

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது என் கூடவே பிறந்தது. ஆனால் உப்பளத்தில் யார் கேட்டாலும், என் பொண்ணு கடலுக்கு அடியில் வேலை செய்கிறாள் என்று சத்தமாகவே சொல்கிறேன். அந்தக் கடனை என் கூலியில்தான் கட்டிவருகிறேன். இன்னும் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பாக்கி.