குடோனில் ஒளிந்த பேய்

அந்தப் படத்தைப் பார்க்காமலேயே அதைத் திட்டி எழுதியவன் நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன். சினிமாவைப் பற்றி முகநூலில் எழுதுகிற பழக்கம் உண்டு. விருத்தாசலத்தில் நாலு பேர் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் பேசுவார்கள். பேய்க் காமெடிப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் வந்தபோது யூடியூபில் விமர்சனம் சொன்ன அத்தனை பேரும் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு, மக்களின் ரசனையைக் கெடுக்கிறார்கள் என்று நானும் என் பங்குக்கு ஒரு பத்தி எழுதிப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தது. அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று கேட்டது.

அக்கா பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறது. மாமா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைத் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் பட்டறைக்கும் வீட்டுக்கும் தவிர அது வேறெங்கும் போனதில்லை. நான் கோயிலுக்குக் கூப்பிட்டேன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது தானாகக் கேட்கிறது. முதல் பாகத்தை மாமாவோடு பார்த்ததாம். சிரித்துச் சிரித்துப் புரையேறி மாமா வெளியே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம்.

படம் நன்றாக இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றேன்.

"நல்லா இல்லன்னா பரவால்ல. போயிட்டு வரலாம்" என்றது.

மதியக் காட்சிக்குப் போனோம். தெரிந்தவர்கள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் அரைமணி நேரம் விமர்சகர்கள் சொன்னது சத்தியம் என்றே தோன்றியது. கத்துகிறார்கள், ஓடுகிறார்கள், ஒருவனை ஒருவன் அறைகிறார்கள். அக்கா சலனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டி வந்தது தப்போ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

பிறகு அந்தக் குடோன் காட்சி வந்தது. பேய்க்கு வாயுத் தொல்லை. மந்திரவாதி தேடிக்கொண்டு வர, அரிசி மூட்டைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கிறது. குடோன் முழுக்க நிசப்தம். மந்திரவாதி மூட்டைக்கு அருகில் வந்து காதைத் தீட்டி நிற்கிறான். அப்போது போய் ஒரு சின்னச் சத்தம். மந்திரவாதி திரும்பித் தன் சிஷ்யனைச் சந்தேகமாகப் பார்க்கிறான். சிஷ்யன் கூச்சத்தோடு, "மன்னிச்சிடுங்க சாமி" என்கிறான்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அப்புறம் பொத்தவும் முடியாமல் சத்தமாகவே சிரித்தது. என் தோளில் ஒரு அடி வைத்தது. எனக்கு வயிறு வலித்தது.

இடைவேளையில் அக்கா பாப்கார்ன் வாங்கப் போயிருந்தபோது எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் தன் இரண்டு பிள்ளைகளோடு எதிரே வந்தார். "நீங்களா சார், இந்தப் படத்துக்கா?" என்று சிரித்தார். 

"அக்காவுக்காக வந்தேன் சார். மாமா போனதுலேருந்து அவங்களுக்கு மனசு சரியில்ல. இல்லன்னா நான் எங்க இதெல்லாம்..." என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். இரண்டு கையிலும் பாப்கார்னோடு அக்கா நின்றிருந்தது.

பின்பாதி முழுக்க அது சிரிக்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தது. வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னது.

"நீயுந்தான் சிரிச்ச. உங்க மாமா செத்தத எதுக்கு சாக்கா சொல்ற?"

அது உள்ளே போய்விட்டது.

அன்று சாயங்காலம் பழைய பதிவை அழித்துவிட்டு வேறு எழுதினேன். படம் பார்க்காமல் எழுதினேன் என்பதையும், முதல் அரைமணி நேரம் சகிக்கவில்லை என்பதையும், குண்டான பெண்ணைக் கேலி செய்யும் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும், குடோன் காட்சியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன் என்பதையும் உள்ளபடி எழுதினேன். வாத்தியாருக்கு என்ன ஆச்சு என்று கிண்டல்கள் வந்தன. இயற்பியல் ஆசிரியர் போன் செய்தார். என் முதல் பதிவைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் ஒரு வாரமாக முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இன்று அவர்களைவிடத் தானே அதிகம் சிரித்ததாகவும் சொன்னார்.

ஆனால் அக்கா முகநூல் பார்க்காது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்குப் போனேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்துப் பிசிறுகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் என்ன வேலை என்று கேட்டேன். இன்னும் நாலு பொம்மைதான் என்றது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னது பொய், எனக்கு வெட்கமாக இருந்ததால் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அது நாலு பொம்மையையும் துடைத்து முடித்தது. பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "கோவத்துல எடைவேளைக்கு அப்புறம் ஒண்ணுமே மனசுல ஏறல. இன்னொரு தடவ போவலாமா?" என்றது.

அடுத்த ஞாயிறு போனோம். இந்தத் தடவை நடு இருக்கை. குடோன் காட்சிக்கு இருவரும் முன்பைவிட அதிகமாகச் சிரித்தோம். பின்பாதியில் அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, இது உண்மையிலேயே நல்லா இல்லை என்றது. அப்படியெல்லாம் சொல்ல முடியாது, கிணற்றுக் காட்சி பரவாயில்லை என்று நான் வாதாடினேன். முன் வரிசையில் இருந்தவர் திரும்பி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.