இரண்டாவது ஜீப்

தனலட்சுமி இறந்துவிட்டாள் என்று அவள் தம்பிதான் போன் செய்து சொன்னான். திருவொற்றியூர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சார், அக்கா போயிடுச்சு சார். நாலு நாள் ஜொரம்தான், அப்பறம் மூச்சு வுட முடியல" என்றான். பொறுக்கிய காயைத் திரும்பக் கொட்டிவிட்டு கல்மண்டபத்தில் அவள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு.

மறுநாள் நம் விமான நிலைய அலுவலகத்தில் ஒட்டிய இரங்கல் அறிவிப்பை யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். "அமைதியே உருவானவர். அனைவரோடும் அனுசரித்துப் போனவர்." யாரய்யா எழுதியது இதை? அவளோடு ஒரு ஷிப்ட் பார்த்தவர் எவரும் இப்படி எழுதியிருக்க மாட்டார். தனம் அனுசரித்துப் போகாததால்தான் ஒரு காலையில் பல பேர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தப்பு செய்தவன் நான்.

எந்த விமானம் எப்போது ஏறலாம், எப்போது இறங்கலாம் என்று டவரில் உட்கார்ந்து அனுமதி கொடுக்கும் கண்ட்ரோலர் வேலை எங்களுடையது. நான் எண்ணூர்க்காரன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதை யாரிடமும் சொன்னதில்லை. "சிட்டிதான்" என்று சொல்லி நழுவிவிடுவேன். எங்கள் பக்கத்துப் பேச்சை வாயிலிருந்து தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். தனம் என்னிடம் பயிற்சிக்கு வந்த முதல் வாரம், கேண்டீனில், "இன்னாபா, டீ ஆறிப்போய் கீது" என்றாள். கூடப் படித்த பையன்கள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "மைக்ல ரூல் புக்ல கீற இங்கிலீஷ்தான் பேசுவேன், ஒரு வார்த்த தப்பாது. கேண்டீன்ல எங்கம்மா பேசற மாரிதான் பேசுவேன். புடிக்காதவங்க வேற டேபிளுக்குப் போங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "சார எண்ணூரு பஸ்ல பாத்தேன் நேத்து" என்றாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ரன்வேக்குள் ஏதாவது வண்டி போனால், கண்ட்ரோலர் தன் மேசையில் ஒரு சிவப்பு அட்டையை வைக்க வேண்டும். அட்டை இருக்கும்வரை எந்த விமானத்துக்கும் ரன்வே கிடையாது. உள்ளே போன வண்டி, வெளியே வந்துவிட்டேன் என்று தானே ரேடியோவில் சொன்ன பிறகுதான் அட்டையை எடுக்கலாம். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவன், "கண்ணால பாத்துட்டா போதாதா சார்?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் தனம் பதில் சொன்னாள்.

"எங்கப்பா போட்டுல கடலுக்குப் போறவரு. காத்து ஜாஸ்தியா இருந்த ஒரு நாளு, 'உன் வூட்டுக்காரரு வந்துகினு கீறாரு, நானே பாத்தேன்'னு ஒருத்தர் அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அம்மாவும் நம்பி வூட்டுக்கு வந்து சோறு ஆக்கிச்சு. வந்தது வேற போட்டு. அதே பச்சப் பெயிண்டு, அவ்ளோதான். எங்கப்பா இஞ்சின் நின்னுபோய் கடல்ல கெடந்தாரு. வந்துட்டாருன்னு நெனச்சதால தேடக்கூட யாரும் போவல. மறுநாளு வேற போட்டுக்காரங்க இஸ்துகினு வந்தாங்க. அதுலேர்ந்து அவரு கொரல போன்ல கேட்டாதான் எங்க வூட்ல அடுப்பு பத்தும். பாத்தவன் சொல்றதுலாம் செல்லாது." நான் அரை மணி நேரம் விளக்கவிருந்த விதியை அவள் முடித்துவிட்டாள்.

அவள் டவரில் பயிற்சி எடுத்த ஐந்தாவது மாதம், போகிப் பண்டிகைக் காலை. ஊரே டயரும் பாயும் எரித்த புகையில் ரன்வேயின் மறுமுனை தெரியவில்லை. பயிற்சியில் இருப்பவர் மைக்கில் பேசுவார், பின்னால் நிற்கும் பயிற்றுநரின் உரிமத்தின் பேரில்தான் அது நடக்கும். அன்று பின்னால் நின்றவன் நான். ரன்வேயைச் சோதிக்க ஒரு ஜீப்பும் பறவை விரட்ட ஒரு ஜீப்பும் உள்ளே போயிருந்தன. ஒரு விமானம் ஏறத் தயாராக நின்றது. இன்னொன்று இறங்க வந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் முதல் விமானத்தை ஏற்றிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். புகையிலிருந்து ஜீப் வெளியே வருவதைப் பார்த்தேன். சட்டென்று கையை நீட்டிச் சிவப்பு அட்டையை எடுத்துவிட்டு, "ஏற அனுமதி குடும்மா" என்றேன்.

அவள் என் கையிலிருந்து அட்டையை வாங்கித் திரும்ப வைத்தாள்.

"ஒரு ஜீப்புதான் சார் சொல்லிச்சு. இன்னொண்ணு சொல்லல."

"நான் பாத்தேன்மா."

"நீங்க பாத்ததும் அந்த ஒண்ணத்தான்."

"குடுன்னு சொல்றேன்ல."

"குடுக்க மாட்டேன் சார். வோணும்னா என்ன எறக்கிட்டு நீங்க குடுங்க."

சொல்லிக்கொண்டே இரண்டாவது ஜீப்பைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். "இன்னும் ரன்வேலதான் மேடம் இருக்கோம். செத்த பருந்து ஒண்ணு கெடக்குது, எடுத்துட்டிருக்கோம்" என்று ஓட்டுநர் சொன்னார். இறங்க வந்த விமானத்தை மேலே ஏறிச் சுற்றிவரச் சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை.

இனிமேல் வருவது அசிங்கம். விமானம் ஏன் சுற்றியது என்று மேலதிகாரிகள் கேட்டார்கள். அட்டையை எடுத்தது நான் என்று சொன்னால் என் உரிமம் போகும். ஆகவே அவளுடைய பயிற்சி அறிக்கையில், "முடிவெடுக்கத் தயங்குகிறார், அதனால் தாமதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளுக்கு மூன்று மாதம் பயிற்சி நீட்டித்தார்கள். அவளோடு வந்த பிள்ளைகளெல்லாம் முன்னால் தேறி, கடைசிவரை அவளுக்கு சீனியராகவே இருந்தார்கள். கேண்டீனில் சிரித்தவர்களில் ஒருவன் அவளுக்கு ஷிப்ட் இன்சார்ஜ் ஆனான். இன்னும் கேளுங்கள், தயக்கத்தால் வரும் தாமதத்துக்கு உதாரணமாகப் பெயர் சொல்லாமல் அந்தக் காலையைத்தான் இன்றுவரை புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் விட்டும்கொடுக்கவில்லை. என் பணி ஓய்வு விழாவில் எல்லோரும் என்னைப் புகழ்ந்து முடித்த பிறகு கைகுலுக்க வந்தாள். "நீங்க நல்ல வாத்தியாரு சார். அந்த ஒரு நாளு மட்டும் நல்ல மனுசன் இல்ல" என்றாள். போட்டிருந்த மாலை கழுத்தை அறுத்தது. அப்போதாவது மேடை ஏறி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய், அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். உட்கார்ந்திருந்த அதிகாரி நல்ல பையன்தான். "இறந்தவங்க ஃபைலத் திருத்த வழி இல்ல சார். இப்ப திருத்தி யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றான். வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுக்கிறீர்களே, அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லையா என்றேன். என் தொல்லை தாங்காமல் ஃபைலை எடுத்துக் காட்டினான். என் வாக்கியத்துக்குக் கீழே, பயிற்சி பெறுபவரின் கருத்து என்ற கட்டம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்ட பிறகு அவள் அதில் எழுதியிருக்கிறாள். இத்தனை வருடம் அதை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களும் பொருட்படுத்தவில்லை. இங்கிலீஷில் இரண்டே வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் தயங்கவில்லை. மறுத்தேன்."

ஃபைலில் இடம் இல்லையென்றால் போகட்டும், இங்கே எழுதுகிறேன். அன்று சிவப்பு அட்டையை எடுத்தவன் நான். திரும்ப வைத்தவள் கல்மண்டபத்துத் தனலட்சுமி. உரிமத்தைப் பறிப்பதானால் பறித்துக்கொள்ளட்டும், கண்ணாடிச் சட்டம் போட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. அந்த இரங்கல் அறிவிப்பைக் கிழித்துவிட்டு அவள் எழுதிய இரண்டு வரியை ஒட்டுங்கள். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்ததும் அதுதான், வேறெதற்கும் எனக்கு உரிமை இல்லை. இனி டவருக்குப் படியேறப்போகும் பிள்ளைகளே, பின்னால் நிற்கும் வாத்தியார் அட்டையை எடுத்தால் அவர் கையைப் பிடியுங்கள். உங்களைப் பற்றி அவர் என்ன எழுதினாலும் சரி, பிடித்த கையை விடாதீர்கள்.