கட்டைவிரல் அக்கா

முன்னால் நிற்பவரின் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் ஏறியிருக்கிறது. அது போதும், அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. பேருந்து வருகிறதா என்று மற்றவர்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அந்த முன்பின் தெரியாத மனிதரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடம் பொறுப்பார். மூன்றாவது நிமிடம் தோளைத் தட்டிவிடுவார். "சார், பைய அந்தப் பக்கம் மாத்துங்க. உங்களுக்கு நெத்திப்பொட்டுல வலி வருமே?" மனிதர் குறிசொல்பவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஆமாம், வருகிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அடுத்த கழுத்துக்குப் போயிருப்பார்.

பிசியோதெரபி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. கழுத்துப் பிரிவு முழுக்க அவர் ராஜ்ஜியம்: மூன்று கட்டில், நடுவே பச்சைத் திரைகள், சுவரோரம் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. துண்டுகள் உட்கார்ந்திருக்கும். சாப்பாடும் நின்றபடிதான், அதிலும் இரண்டு கவளத்துக்கு நடுவே போய் யாருடைய ஒத்தடப் பையையாவது திருப்பி வைத்துவிட்டு வருவார். முகம் அவர் மனதில் நிற்காது, கழுத்துதான் நிற்கும். எதிர்வீட்டுப் பெண்மணி கடைத்தெருவில் சிரித்தால் திருதிருவென்று முழிப்பார். அதே பெண்மணி திரும்பி நடந்தால், "ஏங்க, நில்லுங்க, தலையணைய மாத்தினீங்களா இல்லையா?" என்று துரத்திக்கொண்டு போவார்.

வலி என்று வருகிறவர்களுக்கு அவரிடம் முதலில் கிடைப்பது ஏமாற்றம்தான். காட்டிய இடத்தைத் தொடமாட்டார். தையல்காரர் ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா அவருடைய கழுத்தும் தோளும் சேரும் தசையைத் துழாவி, பட்டாணி அளவில் உருண்ட ஒரு முடிச்சைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலை வைத்தார். தையல்காரர் பல்லைக் கடித்தார்.

"வலி நெத்தியிலங்க. நீங்க தோள அமுக்கறீங்களே."

"கத்தறது அங்க. கிள்ளினவன் இங்க இருக்கான். இப்ப வலி பத்துக்கு எத்தன?"

"எட்டு."

அழுத்தம் கூடவில்லை, குறையவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் விரல் அப்படியே நின்றது. "இப்ப?" "அஞ்சு... நாலு இருக்கும்." முடிச்சு இளகியதும் சூடான ஒத்தடம், பிறகு தலையை மெல்லச் சாய்த்து ஒரு நீட்டல், கடைசியாக வசவு. குனிந்தே தைக்காதீங்க, அரைமணிக்கு ஒருதரம் எழுந்திருங்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினால் இந்தக் கட்டிலில் இடம் கிடையாது. இதைச் சொல்லும்போது அக்காவின் போன் அவருடைய வலது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருக்கும். மறுமுனையில் வீட்டுக்காரர், கீரை ஒரு கட்டா இரண்டு கட்டா என்று கேட்டுக்கொண்டிருப்பார். என்ன செய்ய, கை இரண்டும் அடுத்தவர் கழுத்தில் அல்லவா இருக்கிறது.

நான்கு மாதமாக அந்த வலது கட்டைவிரல் வலிக்கிறது. அடிக்கணுவில் ஆரம்பித்து ஆட்காட்டி விரல்வரை இழுக்கிறது. முதலில் கரண்டி நழுவியது. பிறகு பாட்டில் மூடி திறக்க வரவில்லை. வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலையில் வீட்டில் இருந்த டப்பா, பாட்டில் எல்லாவற்றின் மூடியையும் லேசாகத் தளர்த்தி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதைப் பார்த்த அக்காவுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் ஏது, அடுப்பைத் துடைத்தார்.

வைத்தியத்துக்கு மட்டும் குறைவில்லை. உருக்கிய மெழுகில் விரலை முக்கினார், ஐஸ் வைத்தார், படுக்கும்போது பட்டை கட்டினார், பேருந்தில் உட்கார்ந்தால் இடது கையால் அந்த அடிக்கணுவைப் போட்டுப் பிசைந்தார். வேலையில் யாருக்கும் மூச்சுவிடவில்லை. முழங்கையால் அழுத்தினார், இடது விரலால் சமாளித்தார். போட்டுக்கொடுத்தவர் தையல்காரர்தான், பாவம், தெரியாமல். "என்னக்கா, இன்னிக்கு அழுத்தமே இல்லையே" என்று திரைக்குள்ளிருந்து அவர் கேட்டது வெளியே நின்ற பெரிய டாக்டர் காதில் விழுந்தது.

பெரிய டாக்டர் நல்லவர். அதனால் அன்பாகவே சொன்னார். "இந்த மாசம் பாப்போம்மா. சரியாகலன்னா மெஷின் ரூமுக்கு வந்துடுங்க. விரலுக்கு ரெஸ்ட்."

மெஷின் ரூம் என்றால், நோயாளியின் உடம்பில் பட்டைகளை ஒட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு, இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து மணி அடிக்கக் காத்திருப்பது. மற்றவர்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கும் வேலை. அக்காவுக்கோ அது தண்டனை. இருபது நிமிடம் உட்காருவதாம். கழுத்தில் கை வைக்காமலாம். அன்றிலிருந்து தூக்கமில்லை, நடை இரண்டு மடங்கானது, துண்டுகளை மடித்து மடித்துக் கலைத்தார். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரிவு ஊசி சாருடையது. முடிச்சுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தித் தளர்த்துகிறவர். அக்காவைவிட மூத்தவர், ஆனாலும் எல்லோரையும்போல அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஊசி உயர்ந்ததா விரல் உயர்ந்ததா என்று பதினோரு வருடமாக இருவருக்கும் சண்டை. "குத்திட்டுப் போறது என்ன பெரிய வேல" என்பார் அக்கா. "உங்க விரல் தேயறவரைக்கும் பேசுங்க" என்பார் அவர். இப்போது அந்த வாக்கியத்தை அவர் சொல்வதில்லை. அதில் அக்காவுக்கு இன்னும் கோபம்.

ஒருநாள் மதியம் நோயாளிகள் போனபிறகு, ஊசி சார் சாப்பாட்டுப் பையோடு அக்காவின் திரைக்குள் வந்து நின்றார்.

"படுங்க."

"எதுக்கு? பசிக்குது எனக்கு."

"நாலு மாசமா விரலையே பிசையறீங்க. வேற ஒருத்தர் இப்படி வந்தா விரலையா பாப்பீங்க?"

அக்கா நாற்காலியில் இருந்த துண்டு ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"ஒவ்வொருத்தரையும் அமுக்கும்போது மூச்ச அடக்கிக் கழுத்த இறுக்கிடறீங்க. போன் வேற அதே தோள்ல. நான் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து எத்தன நாளாப் பாக்கறேன். படுங்கக்கா, சும்மா."

அக்கா படுத்தார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டிலில் முதல்முறை. கூரையில் ஈரக்கறை ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "எங்க, ஊசிய காட்டுங்க" என்றார் வீம்பாக.

"இந்த எடத்துல குத்தமாட்டேன். கீழ நுரையீரல் இருக்கு. விரல்தான்."

காறை எலும்புக்கு மேலே, கழுத்தின் பக்கவாட்டுத் தசையில், ஊசி சாரின் விரல் மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. நின்ற அந்தக் கணமே அக்காவின் வலது கட்டைவிரலில் வலி சுரீரென்று பற்றியது. அதே வலி. அச்சு அசல் அதே வலி, அடிக்கணுவிலிருந்து ஆட்காட்டி விரல்வரை. விரலை யாரும் தொடவே இல்லை.

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தினம் இருபது பேருக்குச் சொல்கிற பாடம் தனக்கென்றதும் மறந்துபோன வெட்கம். அதற்கடியில், நான்கு மாதத்துக்குப் பிறகு, விரல் கெட்டுப்போகவில்லை என்கிற நிம்மதி. கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்காமல், "கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க. இன்னும் கால் அங்குலம்" என்றார்.

"நீங்க பேசாம இருங்க. மூச்ச விடுங்க. எத்தன?"

"ஒம்போது. நீங்க வைக்கற கோணமே தப்பு." இடது கை தானாக எழுந்து ஊசி சாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. அவர் விரலை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. சும்மா நின்றார்.

அக்கா அவர் மணிக்கட்டை விட்டார். பிறகு இடுப்பை லேசாகத் தூக்கி, இரண்டு கைகளையும் தன் முதுகுக்கு அடியில் செருகி, அவை வெளியே வராதபடி முழுப்பாரத்தோடு அவற்றின்மேல் படுத்துக்கொண்டார்.