ஜோசியக்கார அக்காவின் மூன்று நாள் லீவு

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு ஜோசியக்கார அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ரிப்போர்ட் திறக்கவில்லை, பிரிண்ட் வரவில்லை என்று யார் ஓடி வந்தாலும், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தன் அறையில் கறுப்புத் திரையைத்தான் முதலில் பார்ப்பாள். சர்வர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு வரி எழுதிவைக்கும், அதுதான் லாக். யார் எத்தனை மணிக்கு வந்தார், எது எங்கே முட்டிக்கொண்டது, எல்லாம் அதில் எறும்புச் சாரை மாதிரி ஊர்ந்துகொண்டே இருக்கும். அவள் கண்ணைச் சுருக்கி, மூன்றாவது மிஷினில் கேபிள் லூசு என்பாள். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும்.

பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை பதினோரு வருடமாக அவளைச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வீட்டில் இருக்க விடவில்லை.

வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை கண்புரை ஆபரேஷன். கடிகாரம் பழுதுபார்க்கிறவர். கடுகளவு சக்கரத்தை இடுக்கியால் தூக்குகிற கைதான், சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்தால் மட்டும் வெடவெடக்கும். "நீ பக்கத்துல இருந்தா படுக்கறேன். இல்லன்னா இருக்கிற பார்வையே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தேதி தள்ளிப்போனது. இரண்டுமே அவள் வேலையால்.

லாக் படிக்க இன்னொரு ஆளைக் காட்டினால் மூன்று நாள் லீவு என்றார் மேனேஜர். படிக்கிற ஆளுக்கு எங்கே போவது? அதனால் வரிகளையே மனிதர் பார்க்கிற மாதிரி மாற்றினாள். பிரௌசரில் பாஸ்வேர்டு போட்டால் ஒரு பக்கம் திறக்கும். நல்ல வரி பச்சை, கெட்டது சிவப்பு. ஒரே இடத்திலிருந்து நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் யாராவது வந்தாலும் சிவப்பு. நொடிக்கு ஒரு முறை அந்தப் பக்கம் தன்னையே புதுப்பித்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரவேற்பு மேசை அண்ணனுக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒற்றை விரலில் டைப் அடிக்கிறவர். கம்ப்யூட்டருக்கும் தனக்கும் ஏழாம் பொருத்தம் என்று முதலில் பின்வாங்கினார். பச்சை, சிவப்பு தெரிந்தால் போதும் என்று அவள் சொன்னதும், சிக்னலில் நிற்கத் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை காலை பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டாள். பத்து மணிக்கு அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஒருத்தன் நம்ம கதவ நொடிக்கு நாலு தடவ தட்டறான். பக்கம் முழுக்க சிவப்பு."

அவளைவிட எட்டு வயது பெரியவர் அவளை அக்கா என்பதைக் கேட்டுச் சிரிக்கக்கூட நேரமில்லை. அதற்குள் மேனேஜருக்குச் செய்தி போய்விட்டது. யாரோ சர்வரைத் தாக்குகிறான், இந்த நேரத்தில் லீவாவது ஒன்றாவது என்று போனிலேயே முடித்துவிட்டார். மூன்றாவது தேதியும் போனால் வீட்டுக்காரர் ஜென்மத்துக்கும் ஆபரேஷன் கட்டிலில் படுக்கமாட்டார்.

சிவப்பு வரிகளை நிதானமாகப் படித்தாள். எல்லாவற்றிலும் ஒரே கம்ப்யூட்டரின் எண் முகவரி. அதுவும் வெளியாள் முகவரி இல்லை, கட்டடத்துக்குள்ளே இருக்கிற ஒன்று; கடைசி எண் இருபத்துமூன்று. ஒவ்வொரு கம்ப்யூட்டர் தலையிலும் அவளே எண் எழுதி ஒட்டியிருந்தாள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். இருபத்துமூன்று மேனேஜர் அறையில் இருந்தது.

லாக் பக்கத்தை அவர் நாலு இடத்தில் திறந்துவைத்து, நாலும் ஓடுவதை ரசித்துக்கொண்டிருந்தார். நாலும் நொடிக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டன. கேட்ட ஒவ்வொரு தடவையையும் சர்வர் வரியாக எழுதியது. அந்த வரிகளையே பக்கம் காட்டியது. தன் நிழலைப் பார்த்துத் தானே அலறிய கதை.

"திருடன் அகப்பட்டானா?" என்றார் மேனேஜர்.

"அகப்பட்டான் சார். உங்க நாற்காலியிலதான் உக்காந்திருக்கான்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். பாதித் தப்பு என்னுடையது, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களை எழுத வேண்டாம் என்று சர்வரிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று அவளே ஒத்துக்கொண்டாள். அங்கேயே நின்று அந்தக் கட்டளையைச் சர்வரில் சேர்த்தாள். சிவப்பு நின்றது. பச்சை வரிகள் சாவதானமாக நகர்ந்தன. மேனேஜர் மூன்று பக்கத்தை மூடிவிட்டு, லீவு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் சொட்டு மருந்து பாட்டிலைத் திறக்கும்போது போன் அடித்தது. அண்ணன்.

"ரெண்டாவது கிளையிலருந்து ரிப்போர்ட் வரல அக்கா. லாக் பக்கத்துல சிவப்பா, தொடர்பு இல்லன்னு வந்துச்சு. நானே கூப்பிட்டுக் கேட்டேன். கம்ப்யூட்டர் பிளக்கப் புடுங்கிட்டுக் கெட்டில்ல தண்ணி சுட வச்சிருக்காங்க. திட்டிட்டேன். சும்மா தகவலுக்குத்தான் சொன்னேன், நீங்க வரவேணாம்."

கட்டிலில் இருந்தவர் மூடாத கண்ணால் அவளையே பார்த்தார். "கெளம்பணுமா?"

"இல்ல. மேல பாருங்க."

மேலே பார்த்தார். அவள் ஆபரேஷன் செய்த கண்ணின் மூடியை விலக்கிச் சொட்டு விட்டாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை ஆடாமல் இருந்தார்.