நர்ஸம்மா கூட்டத்துக்கு மைக் போட்டவர்

ஊரில் அவரை எல்லாரும் மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்ன மாநிலத்தில் அவர் மைக் செட் கடை போட்ட நாளிலிருந்து ஒரே கட்சியின் ஆட்சிதான். சட்டசபைத் தேர்தல் வந்தாலும் அவர் தொகுதியில் எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. கட்சிக்காரர் போட்டியில்லாமல் ஜெயிப்பார். வெற்றி விழாவுக்கு இவர் மைக் போடுவார்.

இந்தத் தடவை, ஓய்வு பெற்ற ஒரு நர்ஸம்மா சுயேச்சையாக நின்றார். மைக்காரர் குடியிருந்த மார்க்கெட் முனையில் ஒரே ஒரு கூட்டம். அதற்கு எவரும் மைக் தரவில்லை. கடைசியில் இவரிடம் வந்தார்.

"வாடகைக்குத்தானே கேக்கறீங்க, போட்டுட்டாப் போச்சு" என்று மைக்காரர் சட்டென்று சொல்லிவிட்டார். அந்தம்மா படியிறங்கியதுமே, ஏன் ஒத்துக்கொண்டோம் என்றிருந்தது.

மறுநாள் காலையிலேயே மச்சினன் வீட்டுக்கு வந்துவிட்டான். கட்சியில் வார்டு செயலாளர் அவன்.

"மைக் போடாதீங்கன்னு சொல்லல மாமா. அப்புறம் கட்சி தடுத்துச்சுன்னு பேராயிடும். அந்தம்மா பேச ஆரம்பிச்சதும் ஒரு ஒயரப் புடுங்கி விட்டுடுங்க. மிஷின்னா மக்கர் பண்ணத்தானே செய்யும்?"

"தொழில்ல என் பேரு கெட்டுடும்டா."

"அக்காவோட அங்கன்வாடி ஆயா வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. அதையும் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்க்கவில்லை. மைக்காரர் தலையை ஆட்டி வைத்தார்.

சாயங்காலம் மார்க்கெட் முனையில் ஈ காக்கா இல்லை. கடைகள் பாதி ஷட்டரை இறக்கியிருந்தன. எதிர்ப்பக்கம் மச்சினனும் நாலைந்து பேரும் பைக்கில் சாய்ந்தபடி நின்றார்கள். நர்ஸம்மா மைக்கைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் இல்லாததிலிருந்து தொடங்கினார். மைக்காரரின் விரல்கள் ஒயர்மேல் இருந்தன. மச்சினன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வாக்கியம் முடியட்டும், இழுத்துவிடலாம் என்று நினைத்தார். அது முடிந்ததும், இன்னும் ஒன்று.

திடீரென்று தெரு முழுக்கக் கரண்ட் போனது.

முதலில் அப்பாடா என்றிருந்தது. பழி தன்மேல் இல்லை. பேசாமல் மூட்டை கட்டலாம். எதிர்ப்பக்கம் ஒருவன் சிரித்தபோதுதான் விஷயம் உறைத்தது. இவரை நம்பாமல் லைனையே நிறுத்தியிருக்கிறார்கள்! தலையை ஆட்டிய அவமானத்தோடு இதுவும் சேர்ந்து சுருக்கென்று தைத்தது. நர்ஸம்மாவோ வெறும் தொண்டையில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்.

மைக்காரர் எழுந்துபோய், மைக் செட் ஏற்றி வந்த வேனின் பேட்டரியைக் கழற்றித் தூக்கி வந்தார்.

"மாமா, வேணாம்" என்றான் மச்சினன், அருகில் வந்து, தணிந்த குரலில்.

"தள்ளி நில்லு. ஷாக் அடிக்கும்."

பேட்டரி ஷாக் அடிக்காது என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவன் தள்ளி நின்றான். ஸ்பீக்கர் ஒருமுறை கொர்ரென்று இருமிவிட்டுப் பேசியது. மைக்காரர் அதை மாடி ஜன்னல்கள் பக்கம் திருப்பினார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் தலையை வெளியே நீட்டவில்லை. கேட்டார்கள்.

நர்ஸம்மா தோற்றார். ஆனால் ஓட்டுப் பெட்டியில் கட்சி எதிர்பாராத அளவுக்கு அவருக்கு ஓட்டு விழுந்திருந்தது. அந்த மாதமே மனைவியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். கட்சி விழாக்கள் வேறொருவர் கைக்குப் போயின. மைக்காரர் மிக்ஸியும் ஃபேனும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் சாப்பாடு போடும்போது அவளாகவே சொன்னாள்: "அன்னைக்கு நானும் ஜன்னல்ல நின்னு கேட்டேன். அந்தம்மா நல்லாத்தான் பேசினாங்க."

அவர் நிமிர்ந்தார்.

"அதுக்காக என் வேலை போனது சரின்னு ஆயிடாது" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.