பத்திரிகையில் அச்சடித்த கூப்பன்

கூப்பன் கோடு போடுகிற வேலையில் தள்ளுபடி கிடைத்தவர் ஒருநாளும் போன் பண்ணமாட்டார். கிடைக்காதவர் மூன்று நம்பரிலிருந்து பண்ணுவார்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் மாடி அறையில் ஏழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வருமே, "கூப்பன் இருந்தால் இங்கே போடவும்" என்று, அதில் எந்தக் கோடை, அதாவது எந்த ரகசியச் சொல்லைப் போட்டால் எவ்வளவு குறையும், எத்தனை பேருக்குக் குறையும் என்று தீர்மானிப்பவள் நான். கேட்க என்னவோ பெரிய அதிகாரம் மாதிரி இருக்கும். கஸ்டமர் கேர் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிற சக பாவிகளுக்கு உண்மை தெரியும்.

முதல் பயணம்

"முதல் பயணத்துக்கு மட்டும்" என்று ஒரு கோடு விட்டோம். நன்னிலத்து வாத்தியார் ஒருவர், மாதம் இரண்டு தடவை சென்னை போகிறவர், மனைவி நம்பரில் ஒரு முதல் பயணம் போனார். அப்புறம் மகள் நம்பரில், மச்சான் நம்பரில், மச்சான் மனைவி நம்பரில். பெயர் மாறுமே தவிர சீட் மாறாது, மூன்றாவது வரிசை ஜன்னலோரம். போகட்டும், நாமாகக் கேட்க வேண்டாம் என்று விட்டிருந்தேன். அவரே போன் பண்ணினார்.

"மாமனார் நம்பர் ஒண்ணு மிச்சம் இருக்குங்க மேடம். ஆனா அவர் பட்டன் போன் வெச்சிருக்கார், ஓடிபி வந்தா பாக்கத் தெரியாது. அதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

நாற்பது சீட்

அந்தோணிசாமி பாபநாசம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பா காலம் வரை பண்ணை வேலை. இவர் டிராக்டர் வாங்கி உழவு ஓட்டுகிறார். மகள் ஸ்டெல்லா சென்னையில் நர்ஸ். மாப்பிள்ளையும் சென்னைதான். மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் வண்டி வைத்து அழைத்துவர வேண்டும் என்பது முறை. அதற்காக, கல்யாணத்துக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து வரும் எங்கள் பஸ் ஒன்றின் நாற்பது சீட்டுக்கும் மொத்தமாகப் பணம் கட்ட வந்தார்.

இப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கோடு கொடுப்போம். அதைப் போட்டால் டிக்கெட் விலை பூஜ்யம் என்று காட்டும். நாற்பது தடவை வேலை செய்யும், அதோடு சரி. பெண்ணின் பெயரையே கோடாக வைத்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"அவங்க எங்கள விடக் கொஞ்சம் வசதிம்மா. டிக்கெட்டுக்குன்னு அவங்க பாக்கெட்ல கை விட்டுட்டா, எம்பொண்ணு போற எடத்துல காலத்துக்கும் அதுவே பேச்சா இருக்கும்."

எல்லாப் பத்திரிகையிலும்

பதினைந்து நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமன் போன் பண்ணினார். கோடு தீர்ந்துவிட்டதாக வருகிறதாம். பார்த்தேன். நாற்பதும் காலி. "உங்க வீட்ல எத்தனை பேர் எடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன். ஒருவர்கூட இல்லை என்றார். "பொண்ணு வீட்ல எங்களக் கூப்பிட்டாங்களா, சும்மா வாய்க்குச் சொன்னாங்களா?" என்றும் கேட்டார்.

அந்தோணிசாமியை வரச்சொன்னேன். கையில் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். திருப்பலி நேரத்துக்கும் விருந்து மண்டபத்துக்கும் நடுவில், கொட்டை எழுத்தில், என் கோடு. ஐந்நூறு பத்திரிகையிலும். அவர் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையில்தான் வேலை பார்க்கிறார்கள். பத்திரிகை வாட்ஸ்அப்பில் போன அன்றே சீட் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கிற பத்திரிகையில் மட்டும் போட்டிருக்கக்கூடாதா என்றேன்.

"ஒருத்தருக்குப் போட்டு இன்னொருத்தருக்குப் போடலன்னா ஊர்ல மொகத்த எப்படிம்மா பாக்குறது?"

பட்டியல்

எங்கள் சிஸ்டத்தில் நாற்பது டிக்கெட்டையும் ஒரே அழுத்தில் ரத்து பண்ணிவிடலாம். பண்ணட்டுமா என்று கேட்டு மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இவன் அண்ணன் மகன் எட்வின். இந்தப் பெண்ணின் அம்மா சின்ன வயசில் இவரோடு நாற்றுப் பறித்தவள். இவன் எதிர்வீடு. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"வேண்டாம்மா. பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டுட்டு, ஏறின வண்டிலேர்ந்து எறக்கி விடறதா? சம்பந்தி கால்ல வேணா விழுந்துக்கறேன்."

எட்வின்

அவர் படியிறங்கிப் போனதும் பட்டியலில் இருந்த எட்வின் நம்பருக்கு நானே போன் பண்ணினேன். அது என் வேலையில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டான். "சித்தப்பா அவரா கேக்கமாட்டார் மேடம்" என்று வைத்துவிட்டான். மத்தியானத்துக்குள் டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே ரத்தாக ஆரம்பித்தன. நாலு மணிக்கு நாற்பதும் திரும்பி வந்துவிட்டன.

கோட்டை மறுபடி உயிர்ப்பித்துத் தாய்மாமனைக் கூப்பிட்டேன். "எங்க சிஸ்டத்துல கோளாறுங்க, பொண்ணு வீட்டு மேல தப்பே இல்லை" என்று, நடக்காத கோளாறுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டத் திட்ட, எனக்கு ஏழு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தது. திட்டி முடித்த கையோடு நாற்பது சீட்டையும் எடுத்துவிட்டார்.

அவர் வைத்த மறுநிமிஷம் எட்வின் லைனில் வந்தான்.

"நாங்க நாப்பது பேரும் அதுக்கு அடுத்த பஸ்ல சொந்தச் செலவுல வர்றோம் மேடம், சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அந்த பஸ்ஸுக்கு ஏதாவது கோடு இருக்குங்களா?"

எங்கள் பக்கத்து ஜனங்கள் கிடைத்த சீட்டைக்கூட மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், கூப்பன் கேட்பதை மட்டும் விடமாட்டார்கள்.