எதிர்ப்பக்கத்து நட்டு

போன வாரம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, குழாய் நட்டைக் கழற்றுவதற்காகத் திருகிக்கொண்டிருந்தேன். செத்த நேரம் பார்த்துவிட்டு மருமகள், "மாமா, இறுக்கிக்கிட்டே இருக்கீங்க" என்றாள். இந்தக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், என் பிழைப்பே இதில்தான் ஆரம்பித்தது.

அறுபதுகளின் தொடக்கம். பேகம்பூரில் காதர் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து ஒரு மாதம்; அதற்குள் இரண்டு வண்டிகளைக் கெடுத்திருந்தேன். பிரேக் ஆயிலில் அப்போது விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றியது நினைவுக்கு வந்து, காருக்கு அடியில் படுத்ததும் வாயை இறுக மூடிக்கொள்வேன்.

அன்று வந்தது ஒரு டாக்டரம்மாவின் பழைய சீமைக் கார். பிரேக், கிளட்ச் பெடல்களுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது, பிரேக்குக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். அதைக் கழற்றி எடுப்பதுதான் என் வேலை. இரண்டு போல்ட்டில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்றின் நட்டு எனக்கு எதிர்ப்பக்கம் திரும்பி இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கையை வளைத்துத் தடவித்தான் ஸ்பேனர் போட வேண்டும்.

"ஏலே அப்பு, இன்னைக்கு இதைக் கழட்டலைன்னா நாளைக்கு வராத" என்றார் அண்ணன். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். பயந்துவிட்டேன்.

எந்தப் பக்கம் திருகினால் கழலும்? நட்டு திரும்பி இருக்கிறது, நானும் மல்லாந்து கிடக்கிறேன். மாற்றித் திருகணுமா, இரண்டு மாற்றமும் சேர்ந்து பழையபடி ஆகிவிடுமா? யோசிக்க யோசிக்க என் இடது கை எது என்பதே சந்தேகமாகிவிட்டது. மேலே போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்திருந்த அண்ணனிடம் கேட்கக் கூச்சம். குத்துமதிப்பாக ஒரு பக்கம் முழு பலத்தையும் போட்டேன்.

போல்ட் ஒடிந்து, நட்டு என் நெற்றியில் விழுந்தது. இறுக்கித்தான் ஒடித்துவிட்டேன், வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிலிண்டர் கையோடு வந்தது.

"துருப்புடிச்ச போல்ட்டு. கழட்ட முடியாதுன்னு ஒடிச்சே எடுத்துட்டான் பாரு" என்று எல்லோரிடமும் சொன்னார் அண்ணன். நான் பாட்டுக்கு டீ குடித்தேன். அதன்பின் கை எட்டாத பிரேக் வேலை, கிளட்ச் வேலை எல்லாம் என் தலையில்தான். வத்தலக்குண்டிலிருந்துகூட என்னைக் கேட்டு வந்தார்கள்.

உண்மையிலேயே இறுக்கினேனா, கழற்றும்போது துருவால் ஒடிந்ததா? இன்றுவரை தெளிவில்லை. ஆனால் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அண்ணன். நான் எந்தப் பக்கம் திருகினேன் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் காப்பாற்றினாரோ என்று எனக்குத் தோன்றவே முப்பது வருஷம் ஆனது.

கேட்டுவிடலாம் என்று பேகம்பூருக்குப் போனேன். ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை.

"காதர் பாயா? இந்த வருஷ நோன்புக்கு முந்தியே மௌத்தாயிட்டாரே, இங்கதான் அடக்கம்" என்றார் கடைக்காரர்.